தமிழ்நாட்டுக் கூலியை இந்தியாவோடு ஒப்பிடுவது எப்படி: ஒரு சம்பளக் கணக்குக்காரியின் நோட்டு

போன தீபாவளி சமயத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு படம் போட்டான். மத்தியப் பிரதேசத்தில் வேலையின்மை 1 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5, கேரளத்தில் 7.2. கீழே ஒரு வரி: "இப்ப சொல்லுங்க, எது வளர்ந்த மாநிலம்?" எண்கள் மூன்றும் சரி, 2023-24 அறிக்கையில் இருப்பவைதான். அவன் கேட்ட கேள்விக்குத்தான் அந்த எண்களில் பதில் இல்லை. நான் வரிசையாக ஆறு மெசேஜ் அடித்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சித்தி மட்டும் கை கூப்புகிற பொம்மை போட்டார். அந்த ஆறு மெசேஜையும் விரித்து எழுதியதுதான் இது.

நான் பொருளாதாரம் படித்தவள் கிடையாது. இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். தர்மபுரி, சேலம் பக்கம் வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் (சுருக்கமாக டேப்) பதிகிற வேலை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். புள்ளிவிவரம் பிறக்கும் திண்ணையையும் பார்த்திருக்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் ஒட்டும் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியும்.

நோட்டில் ஐந்து கட்டம்

எந்த இணையதளத்தையும் திறக்கும் முன் ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். யாருடைய கூலி, ஆணா பெண்ணா? என்ன வேலை? ஊரகமா நகரமா? எந்த வருடம்? எந்த அளவு? கடைசிக் கட்டம்தான் ஆளை அதிகம் ஏமாற்றும். நாளுக்கா, மாதத்துக்கா, எட்டு மணி நேரத்துக்கா, பன்னிரண்டு மணி நேரத்துக்கா, பிடித்தம் போகக் கைக்கு வருவதா, கம்பெனி தன் கணக்கில் செலவு எழுதுவதா என்று அதில் எழுதுங்கள். இரண்டு மாநிலத்துக்கும் ஐந்து கட்டமும் ஒன்றுபோல நிரம்பினால் மட்டும் வகுத்துப் பாருங்கள். ஒரு கட்டம் இடித்தாலும் அந்த ஒப்பீட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, தம்பியைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அவன் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஓசூரில் ஒரு இடத்திலும் புனேயில் ஒரு இடத்திலும் ஒரே வாரத்தில் வேலை வந்தது. எது என்று என்னிடம் கேட்டான். நான் பெரிய மேதாவி மாதிரி தொழிற்சாலைக் கணக்கெடுப்பு அட்டவணையைத் திறந்து, ஆள் ஒன்றுக்குச் சராசரி ஊதியம் மகாராஷ்டிரத்தில்தான் அதிகம் என்று பார்த்து, "புனேக்கே போடா" என்றேன். அந்தச் சராசரிக்குள் மேனேஜர் இருக்கிறார், இருபது வருட நிரந்தரத் தொழிலாளி இருக்கிறார், மருந்து கம்பெனி இருக்கிறது, ரசாயன ஆலை இருக்கிறது. தம்பி போய்ச் சேர்ந்தது ஒரு காண்ட்ராக்டரின் கீழ். பதினோரு மாதம் தாக்குப்பிடித்தான். ரூம் வாடகை, சாப்பாடு, வந்து போகிற ரயில் செலவு எல்லாம் போக ஓசூரில் நின்றிருந்தால் மிஞ்சியிருக்கும் காசு அங்கே மிஞ்சவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சொல்லிக் காட்டுவான்.

வேலையின்மை சதவீதத்தைப் படிப்பது

இந்த எண் வருவது பிஎல்எஃப்எஸ் என்று எல்லோரும் சொல்லும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2017 ஏப்ரலில் தொடங்கியது. அறிக்கைகள் அமைச்சகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கும். முன்னுரையைத் தாண்டிப் பின்னிணைப்புக்குப் போங்கள், மாநிலவாரி அட்டவணைகள் அங்கேதான் இருக்கும்.

அந்த அட்டவணைக்குள் போகும் ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். வேப்ப மரத்தடியில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டேன். "வேலையா? ஒண்ணும் இல்ல கண்ணு, வீட்லதான் கெடக்கறேன்." அதோடு நிறுத்தினால் வீட்டுவேலைக்கான குறியீடு 92ஐப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது, துருவிக் கேள் என்று. கேட்டேன். ஏழு ஆடு மேய்க்கிறார். ஒரு மாடு. காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்குப் பேரன் கையில் கொடுத்து அனுப்புகிறார். பணம் மகன் கணக்கில் ஏறுகிறது. அவருக்குத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. வருடம் முழுக்க இதுதான். டேப்பில் 21 என்று பதிந்தேன். வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர் என்று அர்த்தம். அவ்வளவுதான், அந்த அம்மா 'வேலையில் இருப்பவர்' ஆகிவிட்டார். விதிப்படி அது சரியும்கூட, அவர் உழைக்கிறார்தானே. ஆனால் பெரியப்பா மகன் 'வேலை' என்று மனதில் நினைப்பது இதை இல்லை.

அதே ஊரில் இன்னொரு வீடு. பி.இ. முடித்த பையன், எட்டு மாதமாக வேலை தேடுகிறான். இடையில் அப்பாவின் மளிகைக் கடையில் முப்பது நாளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான். வருடத்தின் பெரும்பகுதி என்ன செய்தான் என்ற முதன்மை நிலையில் மட்டும் பார்த்தால் அவன் வேலையில்லாதவன். முப்பது நாளோ அதற்கு மேலோ செய்த துணை வேலையையும் சேர்த்துக்கொள்ளும் 'வழக்கமான நிலை' கணக்கில் வேலையில் இருப்பவன். 2023-24க்குச் செய்தித்தாளில் தலைப்பாக வந்த 3.2 சதவீத அகில இந்திய எண் இந்த இரண்டாவது கணக்கு.

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்புவோம். வேலையின்மை என்பது வேலை தேடிக் காத்திருப்பது. காத்திருக்கச் சோறு வேண்டும். வீட்டில் ஒரு சம்பளம், வளைகுடாவிலிருந்து ஒரு மணியார்டர், அம்மாவின் பென்ஷன் இப்படி ஏதாவது இருந்தால்தான் படித்த பிள்ளை "எனக்கேற்ற வேலை வரட்டும்" என்று உட்கார முடியும். கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குள் வேலையின்மை 29.9 சதவீதம், அகில இந்தியாவில் 10.2. கேரளத்தில் பிரச்சினை இல்லை என்று சொல்ல வரவில்லை, அது பெரிய பிரச்சினை. ஆனால் அது படித்தவர்கள் காத்திருக்கும் பிரச்சினை. அடுத்த வேளைக்கு வழியில்லாதவர் கிடைத்ததைச் செய்வார், கணக்கில் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார்.

அதனால் வேலையின்மை எண்ணைத் தனியாக எடுக்காதீர்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டை எழுதுங்கள். ஒன்று, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் வேலையிலோ வேலை தேடியோ இருக்கிறார்கள் என்ற பங்கேற்பு விகிதம். 2023-24இல் அகில இந்தியாவுக்கு 60.1, பெண்களுக்கு மட்டும் 41.7. இரண்டு, வேலையில் இருப்பவர்கள் எந்த வகை வேலையில் இருக்கிறார்கள் என்ற பிரிவு. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் திறக்க வேண்டிய அட்டவணை. அகில இந்தியாவில் சுயதொழில் 58.4 சதவீதம், மாதச் சம்பளம் 21.7, தினக்கூலி 19.8. தமிழ்நாட்டு வரியைப் பாருங்கள்: சுயதொழில் பங்கு தேசிய அளவைவிட நன்றாகவே குறைவு, மாதச் சம்பளப் பங்கு நன்றாகவே கூடுதல், தினக்கூலிப் பங்கும் கூடுதல். சொந்த நிலத்தை, சொந்தக் கடையை நம்பியிருப்பவர் குறைவு, இன்னொருவரிடம் சம்பளமோ கூலியோ வாங்குபவர் அதிகம் என்று பொருள். ஒரு மாநிலத்தின் தன்மையே இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

பெண்கள் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்தது, ஆறே வருடத்தில் 41.7 ஆகிவிட்டது என்று கைதட்டுபவர்களுக்கும் அதே அட்டவணையைக் காட்டுங்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் பங்கு அந்தக் காலத்தில் 51.9இலிருந்து 67.4க்குப் போயிருக்கிறது. அதில் பென்னாகரத்து அம்மாக்கள் எத்தனை பேர் என்று யோசித்துவிட்டுப் பிறகு கைதட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பு முறையை மாற்றிவிட்டார்கள், மாதாமாதமும் எண் வருகிறது. அது 'நடப்பு வார நிலை'. கடந்த ஏழு நாளில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் வேலை செய்தாயா என்று கேட்டுப் போடுவது. பழைய ஆண்டறிக்கையின் எண்ணோடு இதை வைத்து "ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

கிராமக் கூலி: ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்

தினக்கூலியை ஒப்பிட எனக்குப் பிடித்த இடம், ரிசர்வ் வங்கி வருடாவருடம் வெளியிடும் இந்திய மாநிலங்களின் புள்ளிவிவரக் கையேடு. எக்செல்லாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் கிராமப்புற ஆண் தொழிலாளரின் சராசரி தினக்கூலி மாநிலவாரியாக, வேலைவாரியாக இருக்கும். எண்களைச் சேகரிப்பது தொழிலாளர் பணியகம். 'ஆண்' என்ற சொல்லை நோட்டில் முதல் கட்டத்தில் எழுதிவிடுங்கள். களையெடுக்கும், நடவு நடும் பெண்ணின் கூலி இந்த அட்டவணையில் கிடையாது. அதற்கு மறுபடி பிஎல்எஃப்எஸ்ஸுக்குப் போகலாம்.

2022-23க்கான எண்கள் இவை. விவசாயக் கூலி: தமிழ்நாடு 470 ரூபாய், கேரளம் 764.30, குஜராத் 241.90, மத்தியப் பிரதேசம் 229.20, தேசிய சராசரி 345.70. கட்டட வேலை: தமிழ்நாடு 500.90, கேரளம் 852.50, தேசிய சராசரி 393.30.

470ஐ 345.70ஆல் வகுத்தால் 1.36. தமிழ்நாட்டு ஆண் விவசாயக் கூலி தேசிய சராசரியைவிட 36 சதவீதம் அதிகம். பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடும். நாம் இன்னும் ஒரு படி போவோம், ஏனென்றால் அந்தக் கூலியை வாங்கியவர் அதே ஊரில்தான் அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டும்.

விலைவாசியை மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடப் பலரும் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை எடுப்பார்கள். அது தப்பு. குறியீட்டு எண் எல்லா மாநிலத்துக்கும் அடிப்படை ஆண்டில் 100 என்று தொடங்குகிறது. அதன் பிறகு எந்த மாநிலத்தில் விலை வேகமாக ஏறியது என்று சொல்லும். எங்கே விலை அதிகம் என்று சொல்லாது. சென்னைக் குறியீடு பாட்னாவைவிடக் குறைவாக இருப்பதால் சென்னையில் சீப் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: வறுமைக்கோடு. வறுமைக்கோட்டை வரையறுத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12க்குப் போட்ட மாநிலவாரி வறுமைக்கோடு, ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரத்துக்கு அந்தந்த மாநில விலையில் எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்கிறது. ஊரகத்தில் ஆள் ஒன்றுக்கு மாதம் அகில இந்தியாவுக்கு 816 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 880, கேரளத்துக்கு 1,018, குஜராத்துக்கு 932, மத்தியப் பிரதேசத்துக்கு 771. அந்தத் தொகையில் ஒருவர் வாழ முடியுமா என்ற சண்டை தனி. நமக்குத் தொகை வேண்டாம், விகிதம் போதும். 880ஐ 816ஆல் வகுத்தால் 1.08. தமிழ்நாட்டுக் கிராமத்தில் விலை தேசிய சராசரியைவிட எட்டு சதவீதம் போல அதிகம்.

1.36ஐ 1.08ஆல் வகுங்கள். 1.26 வரும். 36 சதவீதக் கூடுதல், விலைவாசியைக் கழித்ததும் 26 ஆகிவிட்டது. கேரளத்துக்கு 2.21 என்பது 1.77 ஆகும். வேடிக்கை குஜராத்தில்தான். ரூபாயில் பார்த்தால் குஜராத் கூலி மத்தியப் பிரதேசத்தைவிடப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம் அதிகம். விலைவாசியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: குஜராத் 0.61, மத்தியப் பிரதேசம் 0.70. வரிசையே மாறிவிட்டது. முதல்தடவை இந்த விடை வந்தபோது கால்குலேட்டரைத் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மூன்று தடவை போட்டேன்.

வறுமைக்கோட்டு விகிதம் பழையது, அதனால் 26 என்பதைக் கல்வெட்டில் பொறிக்காதீர்கள். கால் பங்கு போல அதிகம் என்று வைத்துக்கொண்டால் போதும். இன்னொரு பக்கத்திலிருந்து சரிபார்க்க வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2022-23இல் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு ஊரகத் தமிழ்நாட்டில் 5,310 ரூபாய், ஊரக இந்தியாவில் 3,773. நகரத்தில் 7,630க்கு 6,459. கிராமத்தில் இடைவெளி பெரிது, நகரத்தில் சிறிது. நகரங்களுக்கு இடையில்தான் போட்டி கடுமை. கிராமத்தை வைத்துச் சொன்ன பெருமையை நகரத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

தேசிய சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாதீர்கள் என்றும் சொல்வேன். அந்தச் சராசரியைக் கீழே இழுப்பவை மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்கள். அதைத் தாண்டுவது தமிழ்நாட்டுக்குச் சாதனையா? கர்நாடகம், மகாராஷ்டிரம், கேரளம் என்று தோளுக்குத் தோள் நிற்பவற்றோடும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

100 நாள் வேலைக் கூலி ஒரு நல்ல அளவுகோல்

மத்திய அரசு மாநிலவாரியாக அறிவித்த 100 நாள் வேலைக் கூலியைச் சந்தைக் கூலியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய், அரியானாவுக்கு 400. ஆனால் நம் கையில் உள்ள சந்தைக் கூலி 2022-23க்கானது. ஆகவே அந்த வருடத்து எண்ணையே எடுக்க வேண்டும், நான்காவது கட்டம் ஞாபகமிருக்கிறதா? 2022-23இல் தமிழ்நாட்டுக்கு 281. வயல் கூலி 470. இடைவெளி 189 ரூபாய். குஜராத்தில் 239க்கு 241.90, அதாவது மூன்று ரூபாய்கூட இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 204க்கு 229.20.

குஜராத்தில் ஓர் ஆணுக்கு வயல் வேலையும் 100 நாள் வேலையும் காசில் ஏறக்குறைய ஒன்று. தமிழ்நாட்டில் உடம்பில் தெம்புள்ள ஆண் 100 நாள் வேலைக்கு வரமாட்டார். இங்கே அந்த வேலைக்கு வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும் என்பது ஏன் என்று இந்த ஒரு கழித்தலில் புரியும். அறிவித்த கூலி முழுசாகக் கைக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். வெட்டிய மண்ணை அளந்துதான் காசு.

குறைந்தபட்சக் கூலியையும் கூலியாக எண்ணாதீர்கள். அது சட்டம் போட்ட கோடு. தமிழ்நாட்டில் தொழில்வாரியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் உண்டு, பஞ்சப்படி ஏப்ரல் முதல் தேதி மாறும். 2017இல் மத்திய அரசு வைத்த தேசியத் தளக்கூலி நாளுக்கு 176 ரூபாய். அதோடு ஒப்பிட்டு ஒரு மாநிலத்தைப் பாராட்டுவது, பரீட்சை எழுத வந்ததற்கே பாஸ் போடுகிற மாதிரி.

பாக்டரிச் சம்பளம்: தம்பியைக் கவிழ்த்த அட்டவணை

இது வருடாந்திரத் தொழில்துறைக் கணக்கெடுப்பு. 2023-24 வரையான கணக்கெடுப்புகளில், மின்சாரத்தோடு பத்துப் பேர், மின்சாரம் இல்லாமல் இருபது பேர் என்ற பழைய தொழிற்சாலைச் சட்ட வரம்புக்குள் பதிவானவைதான் பெரும்பாலும் வரும். நாலு தையல் மெஷின் போட்ட சின்ன பவர் டேபிள் பட்டறை இதில் இல்லை, வீட்டில் பிசிறு வெட்டும் அக்காவும் இல்லை. 2023-24இல் இந்தத் தொழிற்சாலைகளில் நாடு முழுக்க 1.95 கோடிப் பேர். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழ்நாட்டில், எல்லா மாநிலத்தையும்விட அதிகம். தொழிற்சாலை எண்ணிக்கையிலும் தமிழ்நாடுதான் முதலிடம். ஆனால் ஆள் ஒன்றுக்குச் சராசரி ஊதியத்தில் முதலிடம் இல்லை.

முதலிடமும் இல்லையும் ஒரே அட்டவணையில் எப்படி? உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். 2019-20 கணக்கெடுப்பில் இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்த பெண்கள் 15.8 லட்சம். அதில் 6.79 லட்சம் பேர், நூற்றுக்கு 43 பேர், தமிழ்நாட்டில். நூல் மில், பனியன் கம்பெனி, தோல், செருப்பு, தீப்பெட்டி, இப்போது செல்போன் அசெம்பிளி. ஆள் அதிகம் கேட்கும், சம்பளம் குறைவாகக் கொடுக்கும் தொழில்கள் இங்கே அதிகம். அவை சராசரியைக் கீழே இழுக்கின்றன. அதே பெண்கள் வீட்டில் இருந்து, கணக்கிலேயே வராமல் போயிருந்தால் தமிழ்நாட்டின் சராசரி பார்ப்பதற்கு இன்னும் அழகாக இருந்திருக்கும்! சராசரி என்பது இப்படியும் வேலை செய்யும்.

ஆகவே தொழில் குறியீட்டு எண் வழியாக இறங்குங்கள். 13 ஜவுளி, 14 ஆயத்த ஆடை, 29 மோட்டார் வாகனம், 21 மருந்து. ஆடையை ஆடையோடு, வண்டியை வண்டியோடு வையுங்கள். அட்டவணையில் 'தொழிலாளர் கூலி' ஒரு வரி, 'மொத்த ஊதியம்' இன்னொரு வரி. இரண்டாவதில் மேனேஜர் சம்பளமும் சேர்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் வரி, தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்தது. நேரடி ஆள், காண்ட்ராக்ட் ஆள் என்ற பிரிவும் அங்கேயே இருக்கிறது. தம்பிக்கு நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

தள்ளிவைக்க வேண்டியவை

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கை. தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் 70 லட்சத்தைத் தாண்டியது, "70 லட்சம் பேர் வேலையில்லாமல்" என்று தலைப்பும் போட்டார்கள். அதில் காலேஜ் படிப்பவர், தனியாரில் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசு வேலைக்காகப் புதுப்பிப்பவர் எல்லோரும் உண்டு. நானே அதில் இருக்கிறேன்.

தனிநபர் வருமானம். தமிழ்நாட்டுக்கு அது தேசிய அளவின் ஒன்றரை மடங்குக்கும் மேல். அது மாநில உற்பத்தியைத் தலைக்கணக்கில் வகுத்தது, யார் சட்டைப் பையிலும் அப்படி விழுவதில்லை.

பிஎஃப் புதுச் சேர்க்கை. பழைய வேலையே புதிதாகப் பதிவானாலும் எண் ஏறும்.

மாவட்ட எண் கேட்டு நிறையப் பேர் வருவார்கள், "திருப்பூருக்கு மட்டும் என்ன?" என்று. 2023-24 வரைக்குமான பிஎல்எஃப்எஸ் மாநிலத்தோடு நிற்கும்படி திட்டமிட்டது. அதை மாவட்டமாக உடைத்து யாராவது தசமப் புள்ளியோடு கொடுத்தால் வாங்காதீர்கள்.

நாளும் நேரமும்

எல்லா அட்டவணையையும் முடித்த பிறகுதான் இந்தக் கணக்கு. எங்கள் கம்பெனியில் ஒரு பீகார்ப் பையன், சிங்கர் மெஷினில் தைக்கும் டெய்லர். மூன்று வருடத்தில் தமிழ் நன்றாகவே பேசுகிறான். ஒரு சனிக்கிழமை கவர் வாங்கும்போது, "அக்கா, ஊர்ல 400 தரேன்னு சொல்றாங்க, தையல் வேலைதான். இங்க 780. ஆனா மாமா சொல்றார், ரெண்டும் ஒண்ணுதான்னு. எப்படி?" என்றான்.

உட்காரச் சொல்லி நோட்டை எடுத்தேன். திருப்பூரில் 'நாள்' என்றால் என்ன என்பதே முதல் கேள்வி. காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரை வரை ஓடுவது ஒன்றரை ஷிப்ட். 780 என்பது ஒன்றரை ஷிப்டுக்கு. ஒரு ஷிப்டுக்கு 520. ஊரில் சொன்ன 400 ஒரு ஷிப்டுக்கு. 780க்கு 400 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 520க்கு 400 என்றால் 30 சதவீதம் கூடுதல். மாமா பாதி சரி. சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. அது கவரில் எப்படி வருகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை இங்கே எழுதினால் நான் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது நாள். இங்கே சீசனில் 26 நாளும் வேலை. ஊரில் எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்டேன். "பதினஞ்சு வரும்கா, கல்யாண மாசம்னா கூட." 400ஐ 30ஆல் பெருக்கி மாதக் கணக்கு போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுவார்கள். பதினைந்தால் பெருக்கினால் 6,000. இங்கே எட்டு மணி நேரம் மட்டும் பார்த்தால் 26 ஷிப்ட், 13,520. ஒன்றரை ஷிப்டாகப் பார்த்தால் 39 ஷிப்ட், 20,280.

பிறகு செலவு. ஆறு பேர் தங்கும் ரூம், அவன் பங்கு ஆயிரம். சாப்பாடு, செல் ரீசார்ஜ் நாலாயிரம். ஊரில் இந்த இரண்டும் வீட்டோடு போகும். ஐயாயிரத்தைக் கழித்தால் எட்டு மணி நேரக் கணக்கில் 8,520, பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் 15,280. பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 0.75ம் பிடிப்பார்கள், ஆனால் பிஎஃப் அவன் காசுதான், ஒருநாள் எடுக்கலாம் என்று அதை அவன் கணக்கில் கழிக்கவில்லை. ரயில் செலவையும் அவன் கழிக்கவில்லை. நான் சொன்னேன், அவன் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டான்.

8,520ஐ 400ஆல் வகுத்தேன். 21.3 வந்தது. "இங்க எட்டு மணி நேரத்தோட இறங்கறதா இருந்தா, ஊர்ல மாசம் இருபத்திரண்டு நாள் வேலை கிடைச்சா ரெண்டும் ஒண்ணு. மாமாகிட்ட அதை மட்டும் கேளு" என்று எண்ணை வட்டம் போட்டுக் காட்டினேன். அங்கேயே போன் போட்டான். போஜ்புரியில் ஏதோ பேசினான். வைத்துவிட்டு, "இந்த மாசம் பதினாலுன்னு சொல்றார்" என்று கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இரவு ஷிப்டுக்குப் பாபின் மாற்றப் போனான்.